மடியில் இருந்த வாயு

சேரன் வீட்டு அடுப்பு எரிகிறதா, அணைந்து கிடக்கிறதா என்று மூன்று வருடமாக ஓர் ஆத்மாவும் கேட்டதில்லை. கடைசியில் கேட்டது அரசாங்கம். கேட்ட கையோடு அடுப்புக்கு சீல் வைத்துவிட்டுப் போனது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

திருவிடைமருதூருக்குத் தெற்கே வாய்க்கால் பாலம் தாண்டினால் நெடுங்கொல்லை என்று ஓர் ஊர். அதில் தெற்குத் தெருவின் கடைசி வீடு சேரனுடையது. வயது நாற்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று கவலைப்பட அம்மா ஒருத்தி இருந்தாள், அவளும் போய்ச் சேர்ந்தாள். ஒரு ஏக்கர் நிலம், செவலை என்று ஒரு பசு, அதன் கன்று, கொல்லையில் ஒரு சாண எரிவாயுக் கலன். அப்பா அடுத்தவர் வயலில் காலமெல்லாம் சேற்றில் நின்றவர். மகன் சொந்த வயலில் நிற்கிறான். நிற்பது தனியாகத்தான்.

காலையில் சாணத்தைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவான். அதன்மேல் கவிழ்த்த இரும்புத் தொப்பி சாயங்காலத்துக்குள் மெல்ல மேலே எழும்பி நிற்கும். ராத்திரி அடுப்பைத் திருகினால் நீலச் சுடர். ஒண்டிக்கட்டைக்கு என்ன பெரிய சமையல்? ஒரு உலை, ஒரு குழம்பு, அதே குழம்பு மறுநாளும். ஆனாலும் அந்தச் சுடர் 'புஸ்'ஸென்று பிடிக்கும்போது வீட்டில் இன்னொருவர் மூச்சுவிடுவதுபோல இருக்கும். அந்தச் சத்தத்துக்காகவே பசிக்காத நாளிலும் அடுப்பைப் பற்ற வைப்பான்.

இப்படி இருக்கையில்தான் தஞ்சாவூரில் 'புதுப்பிக்கத்தக்க வாயுக்கள் மாதிரி சேகரிப்பு மற்றும் தர உறுதி இயக்ககம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னால் நமக்கே வாயு பிடித்துக்கொள்ளும் என்பதால் ஜனங்கள் 'வாயு ஆபீஸ்' என்றே சொன்னார்கள். அதற்கு இரண்டு மாடிக் கட்டடம் உண்டு, ஜீப் உண்டு, கொடி உண்டு, காலையில் எல்லாரும் எழுந்து நின்று பாட ஒரு பாட்டும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: வாயு. அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் அல்லவா? டெல்டாவில் உள்ள சாண வாயுக் கலன்களையெல்லாம் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். சேரன் பெயர் வந்தது. அன்றிலிருந்து கல்லணை முதல் கடல் வரை உள்ள அத்தனை மாட்டுச் சாணத்துக்கும் செவலையின் சாணமே பிரதிநிதி ஆயிற்று. பாவம், அதற்கு இது தெரியாது.

மார்கழி நடுவில் ஜீப் வந்தது. இறங்கியவர் உதவி இயக்குநர் பரணிதரன். வெயிலிலும் கழுத்துப் பொத்தானைக் கழற்றாத மனிதர். கூடவே ஷோபனா என்று ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் வேதியியல் படித்த பெண். கருவிப் பெட்டி, குழாய், தட்டையான கணினி எல்லாம் அவள் தோளில்தான் தொங்கின. பரணிதரன் கையில் ஒன்றும் இல்லை. அவர் எதையும் கையில் வாங்குவதில்லை. அது அவர் கொள்கை.

கொல்லையில் நின்று அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்டவர்கள் சேரன், செவலை, கன்று, டீ கொண்டுவந்த கடைக்காரர் துரைராசு.

"நண்பர்களே! வாயு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். மாதிரிதான் நிலையானது. எங்க இயக்ககம் ஆரம்பிச்சதிலேருந்து இதுவரைக்கும் ஒரு மாதிரிகூட தரப் பரிசோதனையில தோத்ததில்ல. ஏன்? ஒரு மாதிரியும் இன்னும் பரிசோதனைக்கே போகல. பூஜ்ஜியம் தோல்வி! இதைப் பாராட்டி டெல்லியிலேருந்து கடுதாசி வந்திருக்கு."

துரைராசு கைதட்டினார். டீ கிளாஸைத் திருப்பி வாங்க வேண்டுமே.

பிறகு வேலை ஆரம்பித்தது. மாதிரி எடுக்குமுன் குழாயை அதே வாயுவால் மும்முறை கழுவ வேண்டும் என்று விதி. நியாயமான விதிதான், பழைய காற்று குழாயில் இருந்தால் கணக்குத் தப்பும். ஆனால் எவ்வளவு கழுவுவது என்று விதியில் இல்லையாம். ஷோபனா, "சார், போதும்னு நெனைக்கிறேன்" என்று சொல்லச் சொல்ல, "போதும்ங்கிறது அறிவியல் வார்த்தை இல்லம்மா" என்று பரணிதரன் கழுவச் சொல்லிக்கொண்டே இருந்தார். எழும்பி நின்ற இரும்புத் தொப்பி இறங்கி இறங்கி, மூன்றாவது கழுவலில் சாணத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மாதிரி பிடிக்கிற பையைக் குழாயில் பிடித்தால் உள்ளே வர ஒன்றும் இல்லை.

"பரவால்ல" என்றார் பரணிதரன், முகம் மலர. "கழுவல் நூத்துக்கு நூறு. மாதிரிதான் இல்ல. அது அடுத்த வருகையில."

அடுத்த வருகையில் எப்படியோ மூன்று பைகள் நிரம்பின. வெள்ளி நிறத்தில், ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவு. ஒன்று தஞ்சாவூர் ஆய்வகத்துக்கு. இரண்டாவது, அந்த முடிவை ஒப்புக்கொள்ளாவிட்டால் மேல்முறையீடு செய்ய, சென்னைக்கு. மூன்றாவது சாட்சி மாதிரி. இரண்டுக்கும் தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்ல. அது உரிமையாளரிடமே இருக்க வேண்டும். ஷோபனா அதை ஒரு முக்காலியின்மேல் வைத்தாள். "எடுத்துக்குங்க" என்றார் பரணிதரன். சேரன் கோயில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஷோபனா விதியைப் படித்தாள்.

"சாட்சி மாதிரி வெயிலில் படக் கூடாது. குத்தக் கூடாது. முடிவு வரும் வரை காப்பாளரை விட்டுப் பிரியக் கூடாது. திடீர் ஆய்வில் பிரிந்திருந்தால் கலன் இடிக்கப்படும். மாதிரியை யார் கையில் வாங்குகிறாரோ, அந்த நொடியிலிருந்து அவரே காப்பாளர்."

"காப்பாளருன்னா யாருங்க?" என்றான் சேரன்.

"நீங்கதாங்க. வாங்கிட்டீங்களே."

போகிறபோது குழாய்க்கு அரக்கு சீல் வைத்தார்கள். சேரன் பதறிப்போனான். "அய்யய்யோ, சோறாக்கணுமேங்க!"

"அதெப்படி?" என்றார் பரணிதரன். "நாங்க சோதிக்கிற வாயு ஒண்ணு, நீங்க எரிக்கிற வாயு வேற ஒண்ணுன்னு ஆயிடக் கூடாதுல்ல. முடிவு வர்ற வரைக்கும் உள்ள இருக்கிற வாயு மாறவே கூடாது."

"மாடு தெனம் சாணி போடுதுங்களே?"

"அது விஷயமா மேலிடத்துக்கு எழுதியிருக்கோம்."

ஜீப் போய்விட்டது. அன்று ராத்திரி சேரன் விறகடுப்பு மூட்டினான். மார்கழி ஈரத்தில் விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. கண் எரிந்தது. பையை அம்மாவின் நாற்காலியில் வைத்திருந்தான். புகைக்கு நடுவே அது மட்டும் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. "என்ன பாக்குற?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தன் காதில் விழ, அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு பேச்சுக் குரல் கேட்டது.

அப்புறம் வெட்கம் விட்டுப்போனது. அறுவடைக் காலம். அறுக்கும் மிஷின் வந்தபோது பையை இடுக்கிக்கொண்டு வரப்பில் நின்றான். சாணம் கரைத்தால் அது நிழலில் ஒரு கல்மேல். தூங்கினால் பாயில் பக்கத்தில். செவலையிடம் பேசினால் அது தலையையாவது ஆட்டும். பை அதுவும் செய்யாது. ஆனாலும் அன்றன்று நடந்ததை அதனிடம் சொல்லாமல் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் சிரித்தார்கள். "என்ன சேரா, புதுப் பொண்டாட்டியா? நகத்தால கீறிடாத, ஓடிப்போயிடுவா" என்றார் துரைராசு. சேரனும் சிரித்தான். சிரிப்பாவது வந்ததே.

இதற்கிடையில் தஞ்சாவூரில் நடந்ததைக் கேளுங்கள். முதல் பை ஆய்வகத்துக்குப் போகுமுன் தபால் பிரிவுக்குப் போயிற்று. அங்கே வருகிற எதையும் பிரித்துப் பார்த்து உள்ளிருப்பதை எழுதிக்கொண்டுதான் உள்ளே அனுப்புவார்கள். பிரித்தார்கள். எட்டிப் பார்த்தார்கள். 'உள்ளே ஒன்றும் காணப்படவில்லை. காலிப் பை' என்று குறித்து, பையை மட்டும் மடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாவது பையைச் சென்னை திருப்பி அனுப்பிவிட்டது. முதல் முடிவே வராமல் எதன்மேல் மேல்முறையீடு என்று கேட்டது, நியாயம்தானே? திரும்பி வந்த பையும் அதே தபால் பிரிவு வழியாகத்தான் வந்தது. அதையும் பிரித்தார்கள்.

ஆக, டெல்டா முழுவதுக்கும் மிஞ்சியது சேரன் மடியில் இருந்த அந்த ஒரு பை. பரணிதரனே போன் பண்ணினார். "மிஸ்டர் சேரன், இனிமே அது பை இல்ல. தேசத்தோட சொத்து. கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாத்துக்குங்க."

"எடுத்துட்டுப் போயி சோதிச்சுடலாமேங்க?"

"சாட்சியை எடுத்து சோதிச்சிட்டா, அப்புறம் சாட்சிக்கு எங்க போறது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

அந்த வாரமே இன்னொரு போன் வந்தது. இந்தக் கதையே அந்தப் போனுக்காகத்தான்.

"அண்ணே, நான்தான்."

தங்கை பூவிழி. மயிலாடுதுறையில் வாக்கப்பட்டவள். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் கருமாதி அன்று, "மாட்ட வித்துட்டு எங்ககூட வந்துடுண்ணே, விழுந்து கெடந்தா தண்ணி குடுக்க ஆள் வேணாமா?" என்று அழுதவள். சேரன் அன்றைக்கிருந்த துக்கத்தில், "உன் வூட்டு வாசல்ல காத்துக் கெடக்க நான் என்ன அனாதையா?" என்று பத்துப் பேர் நடுவில் கத்திவிட்டான். மச்சானுக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு பேச்சு இல்லை. அவளுக்குப் பெண் பிறந்ததை மூன்றாம் மனிதர் சொல்லிக் கேட்டான். வானதி என்று பெயர் வைத்ததையும் அப்படித்தான்.

"பாப்பாவுக்குக் காது குத்துறோம்ணே. தை கடைசி வெள்ளி. இங்க பிடாரி கோயில்ல. மாமன் வரலன்னா எங்க நாத்தனார் வூட்டுக்காரரு மடியில ஒக்கார வச்சுக்கிடலாம்னு பேசிக்கிட்டாங்க. இவளுக்கு மாமன்னு ஒருத்தன் உசுரோட இருக்கான்னு நான் சொல்லிட்டேன். வருவியாண்ணே?"

சேரன் பையை இடுக்கிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டான். "வரேன்னு சொல்லு" என்றான்.

"யாருகிட்ட சொல்ல? என்கிட்டதான பேசுற" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று. "இந்தத் தடவையும் நீ வரலன்னா அவங்க முகத்துல நான் முழிக்க முடியாதுண்ணே. அப்புறம் நானும் கூப்புட மாட்டேன்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் சேரன் தன் மடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு குழந்தை இதுவரை அதில் உட்கார்ந்ததில்லை. எவ்வளவு கனம் இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. மறுநாளே கும்பகோணம் போய்ப் பொட்டுக் கம்மலும் பச்சைப் பட்டுப் பாவாடையும் வாங்கிவந்தான், பையை இடுக்கிக்கொண்டுதான். கடைக்காரர் பையைத் திறந்து காட்டச் சொன்னதும், இவன் மாட்டேன் என்றதும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதும் தனிக் கதை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, விசேஷ வீட்டுக்கும் இதை இடுக்கிக்கொண்டு போவதா என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக ஒரு நாளாவது கையை வீசிக்கொண்டு போக வேண்டும். வாயு ஆபீஸுக்குப் போன் போட்டான். ஷோபனா எடுத்தாள்.

"ஒரு நாளைக்கு மட்டும் வேற ஆளு பாத்துக்கிடலாங்களாம்மா?"

"துணைக் காப்பாளர் போடலாங்க. ஆனா அதே வீட்டுல வசிக்கிறவங்களா இருக்கணும். யார் இருக்காங்க?"

"யாருமில்லீங்க."

விரல் தட்டும் சத்தம் கேட்டது. "அப்படிப் போட முடியலிங்களே. மனைவி, மகன், மகள், பெற்றோர், பிறர்னு அஞ்சுதான் இருக்கு. 'யாருமில்லை'ன்னு ஒண்ணு இல்ல."

"எனக்கு அதுதாங்க இருக்கு."

அந்தப் பக்கம் விரல் தட்டும் சத்தம் நின்றது. ஷோபனாவும் தஞ்சாவூரில் ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருப்பவள்தான். "பிறர்னு போட்டுக்கவா? வீட்டுல உங்களத் தவிர மூச்சுவிடறவங்க யாராவது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"செவலை இருக்குதுங்க."

"செவலை... போட்டுட்டேன். பன்னெண்டு இலக்க அடையாள எண்?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் என்று நினைப்பீர்கள். மாட்டாஸ்பத்திரிக்காரர்கள் செவலையின் காதில் மஞ்சள் வில்லை குத்தியிருந்தார்கள்; அதில் சரியாகப் பன்னிரண்டு எண். சேரன் கொட்டிலுக்கு ஓடிப்போய் டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் படித்தான். ஏற்றுக்கொள்ளப்பட்டது! செவலை, பெண், பிறர், துணைக் காப்பாளர். சேரன் செவலையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தான். அன்றைக்கு மட்டும் அவனுக்குக் கவர்மெண்டின்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் ஷோபனா கூப்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க. துணைக் காப்பாளர் செல்போனுக்கு ஓடிபி போயிருக்கும். அதைச் சொன்னாதான் பொறுப்பு மாறும்."

செவலைக்குச் செல்போன் இல்லை.

விடிந்தால் காதுகுத்து. சேரன் துரைராசு கடை பெஞ்சில் பையோடு போய் உட்கார்ந்தான். அழுதுவிடுவான் போல இருந்தது. துரைராசு இதுவரை கேலி செய்தவர்தான், அன்று செய்யவில்லை.

"மடியில கனமில்லன்னா வழியில பயமில்லம்பாங்க. ஒன் மடியில இருக்கிறதுக்குக் கனமே இல்ல, பயம் மட்டும் மலையாட்டம் இருக்கு. ஏன்டா, மானத்துக்கு அஞ்சுனா ஆவுமா? கும்மோணத்துக்கு இடுக்கிட்டுப் போன, மாயவரத்துக்குப் போகக் கூடாதா? தூக்கிட்டுப் போ. மாட்ட நான் பாத்துக்கிறேன்."

காலைப் பேருந்தில் ஏறினான். ஒரு கையில் சீர்ப் பை, மறு கையில் வாயுப் பை. "என்னய்யா தலகாணி? ஆஸ்பத்திரிக்கா?" என்றார் நடத்துநர். "வாயுங்க, சாண வாயு" என்று சேரன் உண்மையைச் சொன்னான். அரிச்சந்திரன் கெட்டான். முன்சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போனார், பின்சீட்டுக்காரர் முன்னால் போனார். ஆடுதுறையில் கூட்டம் நெருக்கியது. குத்தாலத்தில் படிக்கட்டில்கூட ஆள் தொங்கியது. சேரன் பக்கத்து இடம் மட்டும் மயிலாடுதுறை வரை காலியாகவே வந்தது. அவனுக்கு அது புதிதில்லை.

கோயில் வாசலில் பூவிழி ஓடிவந்தாள். மூன்று வருடத்தில் இளைத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னண்ணே இப்படிக் கருத்துப் போயிட்ட? வூட்டுல அடுப்பு எரியுதா இல்லியா?"

"சீல் வச்சிட்டாங்க பூவு."

"அடப்பாவிகளா! இது என்னண்ணே?"

"கவர்மெண்டு."

மச்சான் வாங்க என்று சொன்னார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு குட்டி வந்து சேரனை மேலும் கீழும் பார்த்தது. பிறகு வெள்ளிப் பையைப் பார்த்தது. "பலூனு!" என்று ஒரு அறை வைத்தது. சேரனுக்கு உயிரே போய் வந்தது. ஆனால் பத்து நிமிடத்தில் வானதி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றினாள். பலூனுக்காகத்தான், அது அவனுக்கும் தெரியும். அதனால் என்ன?

அப்போது போன் அடித்தது. "திடீர் ஆய்வுக்கு வந்திருக்கோம்" என்றார் பரணிதரன். "வீட்டுல ஒரு மாடுதான் இருக்கு!"

"அதுதாங்க துணைக் காப்பாளர். நான் மயிலாடுதுறையில இருக்கேங்க. பை என்கூடதான் இருக்குது."

"அசையாதீங்க! அங்கேயே இருங்க!"

அசையாமல் எப்படி இருப்பது? முதலில் காது குத்தும் பத்தர் வரத் தாமதம். வந்தவர் ஊசியைத் துடைக்கத் தாமதம். ஒருவழியாகப் பாயை விரித்து, "மாமன் வந்து ஒக்காருங்க, பத்தரைக்குள்ள குத்திடணும், அப்புறம் ராவுகாலம்" என்று அவர் குரல் கொடுத்தபோது ஜீப்பும் வந்து நின்றது.

"நிறுத்துங்க!" என்று கையை உயர்த்திக்கொண்டே வந்தார் பரணிதரன். பின்னால் கருவிகளோடு ஷோபனா. "மொதல்ல சரிபார்ப்பு. காப்பாளர் மாதிரியை மடியில் ஏந்திய நிலையில் படம் எடுக்கணும். மடியில் வேறு பொருள் இருக்கக் கூடாது."

"பொருளில்லீங்க, புள்ளைங்க" என்றான் சேரன்.

"விதியில புள்ளைன்னு விலக்கு இல்ல."

சேரன் பாயில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். ஷோபனா படம் எடுத்தாள். கணினி ஏற்கவில்லை, மாதிரி நெடுங்கொல்லையில் அல்லவா இருக்க வேண்டும்? மறுபடி எடுத்தாள். மறுபடி ஏற்கவில்லை. பரணிதரன் இந்த அவகாசத்தை வீணாக்காமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"தாய்மார்களே! காது எப்ப வேணும்னாலும் குத்தலாம். காது ரெண்டு இருக்கு. சாட்சி மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சுட்டா எங்க ஆபீஸுக்கு வேலையே இல்ல!"

யாரும் கைதட்டவில்லை. பத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். பூவிழியின் மாமியார் உரக்கவே சொன்னாள்: "நேரம் போவுது. மாமனுக்குத்தான் மடி காலியில்லியே. எங்க மாப்புள்ள ஒக்காரட்டும்." நாத்தனார் வீட்டுக்காரர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். பூவிழி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். கருமாதி அன்று பார்த்த அதே பார்வை.

நாத்தனார் வீட்டுக்காரர் தூக்கியதும் வானதி வீறிட்டாள். மொட்டைத் தலை சிவக்க, உடம்பை வில்லாக வளைத்து, சேரன் இருந்த பக்கமாகக் கையை நீட்டினாள். பலூனுக்கா, மாமனுக்கா, யார் கண்டார்கள்? சேரன் எதையும் யோசிக்கவில்லை. கை நிறைய சாமானோடு பேருந்தில் ஏறுகிறவன் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுப்பதுபோல, பையைப் பரணிதரனின் நெஞ்சில் சாய்த்து, "சார், செத்த பிடிங்க" என்றான். விழுந்துவிடுமே என்ற பதற்றத்தில் பரணிதரன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சேரன் குழந்தையை வாங்கி மடியில் உட்கார வைத்தான். கனமாகத்தான் இருந்தாள். சூடாக இருந்தாள். பத்தர் ஒரு காதைக் குத்தினார், அவள் கத்தினாள். மறு காதைக் குத்தினார், சேரனின் கட்டைவிரலைக் கடித்தாள். சேரன் அழுதான். விரல் வலியில் என்று எல்லாரும் நினைத்தார்கள். மச்சான் குனிந்து, "வுடுங்க மச்சான், பல்லு ரொம்பக் கூர்மை" என்று குழந்தையின் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் சொன்ன மச்சான் அது.

அந்தச் சத்தத்தில், ஷோபனா சொன்னது பரணிதரனுக்கு மட்டும்தான் கேட்டது.

"சார், நீங்க ரெண்டு கையாலயும் வாங்கின படத்த சிஸ்டம் ஏத்துக்கிச்சு, ஆபீசர்னா எந்த ஊருன்னு பாக்காதாம். கைமாற்றம் பதிவாயிடுச்சு. புதுக் காப்பாளர் நீங்க."

"என்ன ஒளர்ற? அழி!"

"அழிக்க முடியாது சார். முடிவு வர்ற வரைக்கும்."

"எப்ப வரும் முடிவு?"

"சாட்சி மாதிரிய சோதிக்க முடியாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

பரணிதரனுக்கு வியர்த்தது. "சரி, இந்தா, நீ பிடி."

"ஒப்பந்தப் பணியாளர் காப்பாளரா இருக்கக் கூடாது சார். போன மாசம் நீங்க போட்ட சுற்றறிக்கை." ஷோபனா கருவிகளை ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து இறக்கி வைத்தாள். யாரோ ஒரு பாட்டி, "வாம்மா, வெறும் வயித்தோட நிக்கிறியே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவளும் போனாள். ஜீப் டிரைவர் முன்னமே இலையில் உட்கார்ந்துவிட்டார்.

பந்தி நடந்தது. சிரிப்பும் சாம்பார் வாளிச் சத்தமும் மண்டபத்துப் பக்கம் போய்விட்டன. ஆலமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மடியில் வெள்ளிப் பையோடு பரணிதரன் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி யாரும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தார். கூப்பிட ஆள் யோசித்தார் போல. திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வானதியை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டு எதிர் மேடையில் இருந்த சேரன் இதையெல்லாம் பார்த்தான். அந்த மனிதனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசைதான். வரவில்லை.

"ராத்திரி இத எங்க வச்சுக்கிட்டீங்க?" என்று பரணிதரன் கேட்டார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பக்கத்துலதாங்க. பாயில."

"பேசுவீங்களோ?"

"மொத ரெண்டு நாளு வெக்கமா இருக்கும் சார். அப்புறம் பழகிடும்."

பரணிதரன் தலையாட்டினார். வெயில் நகர்ந்து பைமேல் விழப் பார்த்தது. நாற்காலியை அவரே இழுத்து நிழலில் போட்டுக்கொண்டார்.

"சாப்டீங்களா சார்?" என்றான் சேரன்.

"யாரும் கேக்கலப்பா" என்றார் அவர். மேடையில் பேசும் குரல் இல்லை அது.

சேரன் மண்டபத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "பூவு! இங்க சாருக்கு ஒரு எல போடு!"

"ஒனக்குண்ணே? நீ எந்திரிச்சு வாயேன்!"

"எனக்கும் இங்கயே போட்டுடு" என்றான் சேரன். "மடியில புள்ள தூங்குது, எந்திரிக்க முடியல."